பதினொரு முடிச்சு

ஜாலான் புரோவில் அதிகாலை இரண்டு பத்து.
மழை விட்டிருந்தது,
சாலை எண்ணெய் மினுக்கத்தோடு கிடந்தது.
நீல லாரி. பின்விளக்கில் ஒன்று அவிந்திருந்தது.
அதற்காக நிறுத்தவில்லை நாங்கள்.
துவாஸ் கட்டுமானத் தளமொன்றில்
நூற்றிருபது மீட்டர் கேபிளைக் காணோம் என்று
பத்தரைக்கே தகவல் வந்துவிட்டது.

டியோ அங்கிள் கண்ணாடியை இறக்கினார்.
முதலில் கோப்பி வாடை, பிறகு அவர்.
"பழைய சாமான் லா, மேடம். தினமும் போற வழிதான்."
எடைச்சீட்டை நீட்டினார். அறுநூற்று நாற்பது கிலோ.
கடையின் பெயர் இருக்கவேண்டிய இடத்தில்
சோயா சாஸ் கறை.

பயிற்சிப் பள்ளியில் உருப்போட்ட வரி:
திருட்டுப் பொருள் இருப்பதாக நம்பக் காரணம் இருந்தால்
நிறுத்தலாம், திறக்கலாம், பார்க்கலாம்.
எவ்வளவு இருந்தால் அது காரணம் என்று
பரீட்சையில் கேட்கவில்லை.
அவிந்த விளக்கு, ஒரு கறை, மணி இரண்டு பத்து.
கூட்டினால் வருமா?
வரும் என்றார் ஹஃபிஸ், டார்ச்சைத் தட்டி எரியவைத்தபடி.

அங்கிள் அசையவில்லை.
பக்கத்து இருக்கையிலிருந்து இன்னொருவன் இறங்கினான்.
வேலை அனுமதி அட்டையில் சவரிமுத்து அந்தோணிராசு,
முப்பத்தொன்று. படத்தில் மட்டும் மீசை.
அவன் கயிற்றை இழுக்கவில்லை, கத்தி கேட்கவில்லை.
ஒவ்வொரு முடிச்சிலும் ஒரு நுனியைச் சுண்டினான்,
அது தானாகக் கலைந்து அவன் தோளில் விழுந்தது.
பதினொன்று. எண்ணினேன்,
அந்த நேரத்தில் வேறு வேலை இல்லாததால்.

தார்ப்பாய்க்கு அடியில்
தோலுரித்த செம்பு.
அப்போதுதான் கழுவிய மீன்போல் ஈரப் பளபளப்பு.
கேபிளின் கருப்பு உறையில்தான் அச்சிடுவார்கள்
மீட்டருக்கு ஓர் எண், வெள்ளையில்.
உறை போன செம்புக்கு ஊர் கிடையாது.
யாருடையது என்று கேட்டால்
யாருடையதாகவும் இருந்துவிட்டுப் போகும்.

விட்டுவிடலாம் என்ற முகத்தோடு
ஹஃபிஸ் ஃபோனை எடுத்த நேரம்
கயிற்றுச் சுருளுக்குள் சிக்கியிருந்தது
விரல்நீளத் தோல் ஒன்று. திருப்பினேன்.
0347.
தகவலில் இருந்தவை முந்நூறு முதல் நானூற்றிருபது.

அவனும் பார்த்துவிட்டான்.
"அக்கா" என்றான்.
அந்த இரவில் அதுவரை யாரும் தமிழ் பேசியிருக்கவில்லை.
என் சட்டைப்பையின் மேல் தமயந்தி என்று
ஆங்கில எழுத்தில் தைத்திருப்பதை
எப்போது வாசித்தானோ.
"ஏத்தச் சொன்னாங்க, ஏத்துனேன்க்கா. உரிச்சது நான் இல்ல."
அவன் நகக்கண்ணில் கருப்பு.
லாரிக் கிரீஸும் அதே கருப்புதான்.
நான் ஆங்கிலத்தில் பதில் சொன்னேன்.
சட்டம் எனக்கு அந்த மொழியில்தான் தெரியும்
என்பது ஒரு காரணம்.
மற்றதை அறிக்கையில் எழுதவில்லை.

மூன்று மணிக்குப் பட்டியல் போட்டோம்.
செம்புக் கம்பி, எடை பிறகு.
தார்ப்பாய் ஒன்று. கயிறு ஒன்று.
உறைத்துண்டு ஒன்று, உறையிட்டு முத்திரையோடு.
இருக்கைக்கு அடியில் ஒரு தூக்குவாளி,
பாதி ரசஞ்சோறு.
இதையும் எழுதவா என்று கேட்டார் ஹஃபிஸ்.

லாரியை நிலையத்துக்கு எடுத்துப்போக வேண்டும்.
வழியில் ஒரு கம்பிகூடச் சிந்தக்கூடாது,
இனி அது சரக்கில்லை, சான்று.
நான் கட்டினேன், வழுக்கியது.
ஹஃபிஸ் கட்டினார், நின்றது,
பிறகு காற்று வந்தது.
மறுபடி தூறல்.
எங்கள் காரின் பின்னிருக்கையில்
டியோ அங்கிள் கண்களை மூடிக்கொண்டிருந்தார்,
தூங்கவில்லை.

அந்தோணிராசுவின் விலங்கைக் கழற்றினோம்,
பத்து நிமிடத்துக்கு.
பதினொன்று, ஒன்றும் குறையவில்லை.
கடைசி முடிச்சை இறுக்கி
உள்ளங்கையால் இரண்டு தட்டு தட்டினான்,
எந்தச் சுமைக்கும் தட்டுவதுபோல.
அப்புறம் நான் சொல்வதற்கு முன்பே
கைகள் இரண்டையும் சேர்த்து நீட்டினான்.